உப்புக் கூடிப்போன சனிக்கிழமை

அப்பாவுக்கு வெளியே சாப்பிடப் பிடிக்காது என்று சொல்ல முடியாது. வெளியே சாப்பிட்டால் ஏதாவது குறை இருக்கும், அதைச் சொல்லலாம் என்கிற அளவுக்குப் பிடிக்கும். தாம்பரத்தில் அவர் கால் வைத்த ஓட்டல்களில் பாதியிலாவது சூப்பர்வைசரை மேசைக்கு வரவழைத்திருப்பார். குரலை உயர்த்த மாட்டார். சாம்பாரில் புளி ஏன் தூக்கலாக இருக்கிறது என்பதை அலுவலகக் கடிதம் வாசிப்பதுபோல் நிதானமாக எடுத்துச் சொல்லி, "உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன்" என்று முடிப்பார். அந்த நேரத்தில் அம்மா தெருவைப் பார்த்துக்கொண்டிருப்பாள், எங்களோடு வந்தவள் இல்லை என்பதுபோல.

அதனால், கோவளத்துக்குப் பக்கத்தில் இருக்கும் இத்தாலிய உணவகத்துக்கு எல்லோரையும் அழைத்துப் போகிறேன் என்று அத்தை சொன்னபோது முதலில் கவலைப்பட்டது அம்மாதான். நான் அப்போது ஆறாம் வகுப்பு. எனக்குக் கவலை எதுவும் இல்லை. ஒரு வாரம் முழுக்கப் பள்ளியில் அதைத் தவிர வேறு எதையும் பேசவில்லை.

அத்தை அப்பாவின் ஒரே தங்கை. முப்பத்து நான்கு வயது. சேலையூரில் எங்களோடுதான் இருந்தாள். மேடவாக்கத்தில் ரத்தம் பரிசோதிக்கும் லேப் ஒன்றில் வேலை. ஊசி குத்தியதே தெரியாமல் ரத்தம் எடுப்பாள் என்று பெயர் வாங்கியிருந்தாள். பத்து வருடமாக அவளுக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தார்கள். முதலில் ஜாதகம் பொருந்தவில்லை, பிறகு உயரம் பொருந்தவில்லை, அப்புறம் வயது. கடைசி இரண்டு வருடங்களாக அந்தப் பேச்சு வீட்டில் எழுவதே குறைந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமைகளில் அப்பா மட்டும் ஜாதகங்கள் வைத்திருந்த ஃபைலை எடுத்துத் தூசி தட்டிவிட்டுத் திரும்ப அலமாரியில் வைப்பார்.

அந்த உணவகத்தைப் பற்றிச் செய்தித்தாளில்கூடப் புகழ்ந்து எழுதியிருந்தார்கள். நகரத்திலிருந்து காரில் வந்து சாப்பிட்டுவிட்டுப் போவார்களாம். அவ்வளவு தூரம் எதற்கு, செலவு எதற்கு என்று அப்பா கேட்டார். சம்பளம் உயர்ந்திருக்கிறது, ஒருமுறை போகலாம் என்றாள் அத்தை. அவள் வழக்கமாக எதையும் இரண்டாம் முறை கேட்பவள் இல்லை. இதை மூன்று முறை கேட்டாள்.

ஏழு மணிக்குள் சாப்பிட்டுவிட வேண்டும் என்பது அப்பாவின் விதி. ஆகவே சனிக்கிழமை நான்கரைக்கே காரில் ஏறினோம். பெரும்பாக்கத்துக் குடியிருப்புகள் ஒன்றன்பின் ஒன்றாகப் போகப் போக, அத்தை என்னிடம் இரண்டு முறை தன் புடவை கசங்கியிருக்கிறதா என்று கேட்டாள். காரில் உட்கார்ந்திருக்கும்போது புடவை கசங்காமல் எப்படி இருக்கும் என்று நான் சொன்னேன்.

நாங்கள் போனபோது இன்னும் வெளிச்சம் இருந்தது. ஏழெட்டு மேசைகளில் ஆட்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். மேசைக்கு மேசை மெழுகுவத்தி வைத்திருந்தார்கள். கரண்ட் இருக்கும்போது இது எதற்கு என்று அப்பா ஆரம்பித்தார். அம்மா சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். உணவுப் பட்டியலை அத்தை பிரிக்கவே இல்லை. பரிமாறுபவர் வந்ததும் என்னென்ன வேண்டும் என்று மளமளவென்று சொல்லிவிட்டாள். அந்தப் பெயர்களெல்லாம் இவளுக்கு எப்படித் தெரியும் என்று அம்மா அவளைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

முதலில் ரொட்டி வந்தது, நன்றாக இருந்தது. பிறகு வந்த பீட்சாதான் என் வாரக் கனவைக் கலைத்தது. கேம்ப் ரோடு கடையில் கிடைப்பதுபோல் தடிமனாக, சீஸ் நூல்நூலாக இழுக்க வரும் என்று எதிர்பார்த்திருந்தேன். இது அப்பளம்போல் மெல்லியதாக இருந்தது, மேலே பச்சை இலைகள். கெட்சப் கேட்டேன். கெட்சப் வைப்பதில்லை என்று பரிமாறுபவர் மிகுந்த மரியாதையுடன் சொன்னார். சரி, இதெல்லாம் எங்கள் அறியாமை. ஆனால் அடுத்து வந்த பாஸ்தாவை அறியாமையின் கணக்கில் எழுத முடியாது. அதில் ஒருவர் ஒரு முறை உப்புப் போட்டு, மறந்துபோய் இன்னொரு முறை போட்டிருந்தார். கூடவே வந்த, குழைந்த சோறு மாதிரியான ஒன்று நடுவில் வேகாமல் பல்லில் நறுக் நறுக்கென்றது. அதிலும் உப்பு.

அம்மா இரண்டு வாய் சாப்பிட்டுத் தண்ணீர் குடித்தாள். நான் துப்பிவிட்டேன். அத்தை மட்டும் தலை நிமிராமல் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். பக்கத்து மேசையில் ஒரு குடும்பம் இதே பாஸ்தாவை ரசித்துச் சாப்பிட்டது எனக்குப் புதிராக இருந்தது.

அப்பா கைக்குட்டையால் வாயைத் துடைத்துக்கொண்டு, சமைத்தவரைப் பார்க்க முடியுமா என்று கேட்டார். அத்தையின் முள்கரண்டி நின்றது.

"வேணாண்ணா. விட்டுடு" என்றாள்.

"சண்டைக்காடி கூப்பிடறேன்? சொன்னாத்தானே தெரியும்" என்றார் அப்பா.

யாராவது வெள்ளைக்காரர் வருவார் என்று நான் நினைத்திருந்தேன். வந்தவர் நல்ல கறுப்பாக, உயரமாக, அத்தை வயதில் இருந்தார். வெள்ளைக் கோட்டின் பித்தான்களை வரும்போதே சரிசெய்துகொண்டார். அப்பா ஆங்கிலத்தில் ஆரம்பித்துப் பாஸ்தாவைச் சுட்டிக்காட்டினார். அவர் ஒரு கரண்டி எடுத்து வாயில் வைத்தார். முகம் மாறியது.

"தப்பு என்னுதுதான் சார். உள்ள பசங்க யாரும் இதத் தொடல, நானேதான் செஞ்சேன். அஞ்சு நிமிசம் குடுங்க, வேற செஞ்சி எடுத்தாறேன்."

தமிழைக் கேட்டதும் அப்பா கொஞ்சம் தளர்ந்தார். எந்த ஊர் என்று விசாரித்தார். இங்கேதான், கோவளம் என்றார் அவர். அவருடைய அப்பா என்ன செய்கிறார் என்று கேட்டதற்கு, கடலுக்குப் போய்க்கொண்டிருந்தார், இப்போது போட்டில் போவதில்லை, அம்மா மீன் விற்கிறார் என்றார். அப்பா தலையாட்டினார். பிறகு நிதானமாகத் தன் உரையைத் தொடங்கினார்.

"பேப்பர்ல பாத்துட்டு வந்தோம் தம்பி. பேர் வாங்கறது பெருசில்ல. வந்து உக்காந்திருக்கறவங்க யாருன்னு நெனச்சுச் சமைக்கணும். உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன்."

அவர் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, "சரிங்க சார்" என்றார். வாக்குவாதம் செய்யவில்லை. பேச்சில் நானும் கலந்துகொள்ள வேண்டும் என்று எனக்குத் தோன்றியது.

"எங்க அத்தை செய்யற சேமியா உப்புமாவே இதவிட நல்லா இருக்கும்" என்றேன்.

"தெரியும் பாப்பா" என்றார் அவர்.

அப்பா அதைப் பணிவு என்று எடுத்துக்கொண்டு திருப்தியாகச் சிரித்தார். வேறு எதுவும் வேண்டாம், நேரமாகிவிட்டது என்று எழுந்தார். அதற்குள் அத்தை தன் தட்டிலிருந்த பாஸ்தாவில் கடைசித் துண்டுவரை சாப்பிட்டு முடித்திருந்தாள். கேளம்பாக்கத்தில் காரை நிறுத்தி நாங்கள் பரோட்டா சாப்பிட்டோம். அத்தை காரைவிட்டு இறங்கவில்லை. அவ்வளவு உப்பைத் தின்றால் பசிக்காதுதான் என்று நினைத்துக்கொண்டேன்.

அந்தச் சாப்பாட்டுக்குப் பின்னால் இருந்ததை நான் கல்லூரியில் சேர்ந்த பிறகுதான் அத்தை சொன்னாள். அந்தச் சமையல்காரர் மாதம் ஒருமுறை தன் அம்மாவைச் சர்க்கரை பார்க்க அந்த லேபுக்கு அழைத்து வருவாராம். ஒருநாள் வெறும் வயிற்றோடு வந்த அந்த அம்மாவுக்கு மயக்கம் வர, அத்தை தன் டிபன் டப்பாவைத் திறந்து கொடுத்திருக்கிறாள். அடுத்த வாரம் அவர் டப்பாவைத் திருப்பிக் கொடுக்க வந்தார். அதற்கடுத்த வாரம் திருப்பிக் கொடுக்க எதுவும் இல்லாமலே வந்தார். வீட்டில் எப்படிச் சொல்வது என்று இரண்டு பேரும் ஒரு வருடம் யோசித்து, முதலில் அவர் கையால் எல்லோரும் சாப்பிடட்டும், சாப்பிட்டு முடித்து அண்ணன் பாராட்டும்போது அவரைக் கூப்பிட்டு அறிமுகம் செய்துவிடலாம் என்று முடிவு செய்திருக்கிறார்கள். அண்ணன் பாராட்டுவான் என்று அத்தை நம்பியதுதான் எனக்கு இன்றும் ஆச்சரியம்.

எங்கள் மேசைக்கான சாப்பாட்டை அவர் வேறு யாரையும் தொட விடவில்லை. நிமிடத்துக்கு ஒருமுறை ருசி பார்த்திருக்கிறார். ருசி பார்த்துப் பார்த்து நாக்கு மரத்துப்போய், உப்பு இல்லாததுபோல் தோன்ற, மறுபடி போட்டிருக்கிறார்.

அந்தச் சனிக்கிழமை சொல்ல முடியாததை அத்தை செவ்வாய்க்கிழமை அப்பாவிடமும் அம்மாவிடமும் சொல்லிவிட்டாள். அப்போது எனக்குத் தெரிந்ததெல்லாம், கதவைச் சாத்திக்கொண்டு மூன்று பேரும் பேசினார்கள், அப்பா ஒருமுறை, "அந்த உப்புக்காரனா?" என்று கேட்டது வெளியே கேட்டது. அதன் பிறகு கோவளம், மீன், சாதி, சொந்தக்காரர்கள் என்று துண்டு துண்டாகச் சில சொற்கள். ஏதோ ஓட்டல் புகார் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது என்று நான் முடிவு செய்தேன். மூன்று வாரம் அப்பாவும் அத்தையும் பேசிக்கொள்ளவில்லை. அத்தை வைத்த குழம்பை அப்பா சாப்பிட்டார், ஆனால் எந்தக் குறையும் சொல்லவில்லை. அதுதான் வீட்டில் எல்லோருக்கும் பயமாக இருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, டயருக்குக் காற்று அடித்துக்கொண்டு வருவதாகச் சொல்லி அப்பா காரை எடுத்துக்கொண்டு போனார். காற்று அடிக்க ஐந்து மணி நேரம் ஆனது. சாப்பிடாமல் காத்திருந்த அம்மா, அவர் வந்ததும் தட்டை எடுத்து வைத்தாள். சாப்பிட்டுவிட்டேன் என்றார். எங்கே என்று அம்மா கேட்கும்போதே குழாயடிக்குப் போய்விட்டார். கால் கழுவிக்கொண்டு வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்து, மூடியைத் திறந்து, மூடி, மறுபடி வைத்துக்கொண்டார். பிறகு சமையலறைப் பக்கம் முகத்தைத் திருப்பாமலே சொன்னார்.

"இன்னிக்கு உப்பு சரியா இருந்துச்சு."

உள்ளே பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த அத்தையின் கை நின்றுவிட்டது. குழாய் திறந்தபடி ஓடிக்கொண்டிருந்தது. அவள் தொட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு அழ ஆரம்பித்தாள். அம்மா ஓடிப் போய்க் குழாயை மூடிவிட்டு அவளைக் கட்டிக்கொண்டாள், அவளும் அழுதாள். அப்பா செய்தித்தாளைப் பிரித்து முகத்துக்கு முன்னால் பிடித்துக்கொண்டார்.

நான் மூன்று பேரையும் மாறி மாறிப் பார்த்தேன். எங்கோ ஓர் ஓட்டலில் உப்பு சரியாக இருந்ததற்கு இரண்டு பேர் இவ்வளவு அழ வேண்டுமா என்று யோசித்துக்கொண்டே சைக்கிளை எடுத்துக்கொண்டு தெருவுக்குப் போனேன்.