தோக்கியோ மணியில் ஒரு ரொட்டி வேன்

சவரிநாதனுக்கு வாய் சும்மா இருக்காது. ஈப்போவில் பழைய வண்டி வாங்குகிறவர்கள் எல்லாரும் மடையர்கள், விற்கிறவர்கள் எல்லாரும் திருடர்கள் என்பது அவருடைய முடிவு. பெயிண்டைப் பார்த்து மயங்குகிறவன், ஹார்னை அடித்துப் பார்த்துவிட்டுக் காசை நீட்டுகிறவன், டயரைக் காலால் ஒரு உதை உதைத்துவிட்டு எல்லாம் தெரிந்தவன்போலத் தலையாட்டுகிறவன் என்று ஒருவரையும் அவர் விட்டுவைத்ததில்லை. பதினாறு வருஷம் எஸ்டேட் லாரி ஓட்டிய ஆள். பேசிவிட்டுப் போகட்டும் என்று எல்லாரும் பொறுத்துக்கொண்டார்கள்.

ஜப்பான்காரன் வந்தான். ரப்பரை வாங்க ஆளில்லாமல் எஸ்டேட் படுத்துவிட்டது. லாரியைப் பிடுங்கிக்கொண்டு போனார்கள். அடுத்த வருஷம் சயாமில் ரயில் பாதை போட ஆள் பிடிக்கத் தொடங்கினார்கள். வேலைச் சீட்டு இல்லாதவன் பெயரெல்லாம் கங்காணியின் பட்டியலில் ஏறியது. சவரிநாதன் பெயரும் ஏறியது. ஆள் ஏற்றிப்போக லாரி வர எட்டு நாள் இருந்தது.

அப்போதுதான் பெத்தபெருமாள் செட்டியார் ஆள் அனுப்பினார். பாகான் செராயிலிருந்து அரிசி ஏற்றிவர அவருக்கு ஒரு பழைய வேன் வேண்டும். சவரிநாதன் பார்த்து நல்லது என்று சொன்னால் வாங்குவார். வாங்கினால் டிரைவர் வேலையும், ஜப்பான் முத்திரை குத்திய சீட்டும் சவரிநாதனுக்கு.

“இந்தாங்க, இன்னிக்கு ஒரு நாளைக்காவது அந்த வாயக் கட்டுங்க,” என்றாள் அவர் மனைவி எல்ஸி. “தகர டப்பாவா இருந்தாலும் நல்ல வண்டின்னு சொல்லிட்டு வாங்க. சயாமுக்குப் போனவங்க ஒருத்தர்கிட்டேருந்தும் ஒரு தகவலும் இல்ல.”

“சொல்றேன்லா,” என்றார். சொல்லிவிடத்தான் நினைத்தார்.

வெள்ளிக்கிழமை காலை சவரிநாதன் சீனியின் கொட்டகைக்குப் போனார். சீனி பழைய வண்டி விற்கிறவன், சிரிப்பிலேயே பாதி வியாபாரத்தை முடித்துவிடுவான். வெள்ளைக்காரன் காலத்து ரொட்டி வேன் ஒன்றுக்குப் பச்சைப் பெயிண்ட் அடித்து நிறுத்தியிருந்தான். பெட்ரோல் ஏது அந்தக் காலத்தில்? வேனின் முதுகில் ஒரு கரி அடுப்பு. அதன் புகையில்தான் எஞ்சின் ஓட வேண்டும். செட்டியார் சக்கரத்துக்கு வைக்க நாலு எலுமிச்சம்பழத்தோடு வந்து நின்றார். வண்டியைப் பற்றி அவருக்குத் தெரிந்தது அந்த எலுமிச்சம்பழம் மட்டும்தான்.

சீனி வேனின் முன்பக்கம் ஸ்டார்ட் கம்பியைச் சொருகி ஒரு சுற்றுச் சுற்றினான். எஞ்சின் உடனே பிடித்துக்கொண்டது. “பாருங்க முதலாளி, ஒரே சுத்து!”

சவரிநாதன் பானட்டைத் தொட்டார். கை சுட்டது. காலையிலிருந்தே ஓட்டிச் சூடாக்கி வைத்திருக்கிறான் களவாணிப் பயல்! சூடான எஞ்சினைக் குழந்தைகூட ஸ்டார்ட் செய்யும். பேசாமல் இருந்திருக்கலாம். இருக்க முடிந்தால் அவர் சவரிநாதனா?

“நிறுத்துடா. நல்லா ஆறட்டும். அப்புறம் சுத்திக் காட்டு.”

செட்டியார் பதறிக் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். “ஆறுறதா? மணி பத்தே கால் ஆச்சு. பத்தரைக்கு ராகு காலம் பொறந்துரும். அதுக்குத்தானே சூடா வச்சிருன்னு நானே சீனிக்குச் சொல்லி அனுப்பினேன்!”

சவரிநாதனுக்கு எரிச்சல் மண்டைக்கு ஏறியது. “அது யாரு மணி செட்டியாரே? ஜப்பான்காரன் வந்து கடிகாரத்த ஒன்றரை மணி நேரம் முன்னால தள்ளிவச்சான். உங்க ராகுவும் தோக்கியோவுக்குக் குடி போயிட்டாரா? மேல சூரியனப் பாருங்க. பழைய மணிக்கு இப்ப எட்டே முக்கால்.”

செட்டியார் விரல் விட்டு எண்ணினார். முகம் வெளுத்தது. “அப்போ ராகு முடிஞ்சிருச்சுன்னு வெள்ளிக்கிழமை பன்னெண்டு மணிக்கு நான் தொடங்கினதெல்லாம்...”

“சரியா ராகு பொறக்கிறப்பதான் தொடங்கியிருக்கீங்க.”

ஒரு வருஷத்துக்கு மேலாகத் தேடித் தேடி ராகு காலத்தில் காரியம் செய்த மனிதர் ஒரு பலகைப் பெட்டிமேல் உட்கார்ந்துவிட்டார். இவருக்கா வண்டி ஓட்டப் போகிறோம் என்று சவரிநாதன் தலையில் அடித்துக்கொள்ளாத குறை.

எஞ்சின் ஆறியது. அடுப்பை மறுபடி மூட்டி, அரைமணி நேரம் ஊதி, சீனி கம்பியைச் சுற்றினான். சுற்றிச் சுற்றிச் சட்டை நனைந்ததுதான் மிச்சம். வேன் ஒரு இருமல் இருமி அடங்கிவிட்டது. சவரிநாதன் கியர் பெட்டியைத் திறந்து விரலை விட்டார். தேய்ந்த பல்லின் இரைச்சல் கேட்காமலிருக்க மரத்தூளை அள்ளிக் கொட்டியிருந்தான். பின் டயரைத் தட்டினார். உள்ளே டியூப் இல்லை, காய்ந்த ரப்பர் ஒட்டுப்பாலைத் திணித்து அடைத்திருந்தான்.

நல்ல வண்டி என்று ஒரு வார்த்தை சொன்னால் சீட்டு கையில். எல்ஸியின் முகம் கண்ணுக்குள் வந்தது.

“ஆகாது. வழியில இருக்கிற சுங்கை சிப்பூட்டைக்கூடத் தாண்டாது,” என்றார்.

செட்டியார் எலுமிச்சம்பழங்களைப் பொறுக்கிக்கொண்டு நடந்தார். சவரிநாதன் நின்ற இடத்திலேயே நின்றார். இந்த நாக்கை அறுத்தால் என்ன என்று தோன்றியது.

செட்டியார் திரும்பினார். “என்னப்பா நிக்கிறே? வேற வண்டி பாக்கணும்ல. டிரைவர் இல்லாம யாரு பாக்கிறது? சீட்டு நாளைக்கு வந்துரும்.”

எட்டாம் நாள் லாரி வந்தது. எஸ்டேட் கூலிகளின் லயத்திலிருந்து முப்பது பேரை ஏற்றிக்கொண்டு, சவரிநாதனின் சீட்டைப் பார்த்து அவரை மட்டும் விட்டுவிட்டுப் போனது. அதன் பிறகு வெள்ளிக்கிழமைதோறும், சூரியனைப் பார்த்துக் கணக்குப் போட்ட நல்ல நேரத்தில், இருவரும் வண்டி பார்த்தார்கள். ஆயர் தாவாரில் ஒன்று, தைப்பிங்கில் ஒன்று. எல்லாம் குப்பை. “அந்த மனுஷனுக்கு ஸ்டீரிங் எந்தப் பக்கம்னே தெரியாது,” என்று வீட்டில் வந்து சிரிப்பார் சவரிநாதன்.

ஒரு வருஷம் கழித்துக் காம்பாரில் ஒரு வேன் சிக்கியது. ஆறிக் கிடந்த எஞ்சின் ஒரே சுற்றில் பிடித்தது, கியரும் சுத்தம், டயரும் சுத்தம். சவரிநாதனுக்குக் கண்ணீரே வந்துவிட்டது.

“வாங்கிருங்க செட்டியாரே!”

செட்டியார் ஒருமுறை சுற்றி வந்தார். “வேணாம்ப்பா. ஹார்ன் சத்தம் சரியில்ல.”

“ஹார்னா! உங்களுக்கு அறிவு இருக்கா?”

செட்டியார் அவர் தோளைப் பிடித்து ஓரமாகத் தள்ளிக்கொண்டு போனார். “சவரி, நல்ல வண்டின்னா ஜப்பான்காரன் எடுத்துக்குவான். வண்டிய மட்டுமா எடுப்பான்? ஓட்டுறவனையும் சேத்துல்ல சயாமுக்கு ஓட்டிட்டுப் போவான். அரிசி மாட்டு வண்டியில வந்துட்டுப் போகுது. நீ வண்டி பாத்துக்கிட்டே இரு, சீட்டும் உன்கிட்டயே இருக்கும்.”

சவரிநாதன் வேனிடம் திரும்பிப் போனார். டயரைக் காலால் ஒரு உதை உதைத்தார். ஹார்னை ஒருமுறை அழுத்தினார்.

“வேணாம்லா,” என்றார் விற்கிறவனிடம். “ஹார்ன் சரியில்ல.”