வெளியே போயிருந்த படங்கள்

"அம்மா, நீ கேட்ட கேசட்டு இங்கயேதான் இருக்குது" என்று என் மகள் சத்தமாகச் சொன்ன அந்த மதியம் இன்னும் என் கண்ணில் நிற்கிறது. புதுச்சத்திரத்தில் பஸ் நிற்கும் இடத்துக்கு எதிரே, டீக்கடைக்கும் பஞ்சர் கடைக்கும் நடுவில், படக் கேசட்டுகளை வாடகைக்குத் தருகிற வீடியோ கடை அது. அவள் அப்போது நாலாம் வகுப்பு. பஸ் பலகை, சோப்பு உறை, தீப்பெட்டி என்று எதையும் விடாமல் வாய்விட்டுப் படிக்கிற வயது. எனக்கு எழுத்து தெரியாது, இன்றைக்கும் தெரியாது. நான் சொல்லச் சொல்ல இதை எழுதுகிறவளும் அந்த மகள்தான். இப்போதும் வாய்விட்டுப் படித்துக்கொண்டுதான் எழுதுகிறாள்.

அந்தக் கடைக்கு நான் எப்படிப் போக ஆரம்பித்தேன் என்பதைச் சொல்லிவிடுகிறேன். என் வீட்டுக்காரர் லாரி ஓட்டினார். வீட்டில் இருக்கிற நாளைவிட ரோட்டில் இருக்கிற நாள்தான் அதிகம். எங்கள் மூத்தவன் ஏழு வயதில் தோட்டத்துக் கிணற்றில் விழுந்து போய்விட்டான். அதற்குப் பிறகு நான் யாரோடும் சரியாகப் பேசாமல் இருந்தேனாம். எனக்கு அது ஞாபகமில்லை, மற்றவர்கள் சொல்லித்தான் தெரியும். அடுத்த வருஷம் பம்பாயில் லோடு இறக்கிவிட்டு வந்தவர், போர்வையில் சுற்றிய ஒரு பெட்டியைக் கூடத்தில் வைத்தார். வீடியோ டெக் என்றார். "உக்காந்து படம் பாரு" என்று சொல்லிவிட்டுக் குளிக்கப் போய்விட்டார். ஆறுதல் வார்த்தை சொல்லத் தெரியாத மனிதர். அவ்வளவு தூரத்திலிருந்து பெட்டியைத் தூக்கி வந்ததே ஆறுதல் என்று எனக்குப் பிற்பாடுதான் புரிந்தது.

கடைக்காரர் என்னைவிட நாலைந்து வயது மூத்தவர். நான் அண்ணா என்பேன், அவர் அம்மிணி என்பார். என்ன படம் வேண்டும் என்று அவர் கேட்டதே இல்லை. "இன்னிக்கு ஊட்டுல யாராரு இருக்கறீங்க?" என்றுதான் கேட்பார். மாமியார் இருக்கிறார் என்றால் சாமி படம். என் மாமியார் டிவியில் வரும் அம்மனுக்குச் சூடம் காட்டுவார், அசுரன் வந்தால் விளக்குமாற்றைக் காட்டுவார். நாத்தனார் பிள்ளைகள் வந்திருந்தால் சிரிப்புப் படம். நான் மட்டும்தான் என்றால் கொஞ்சம் யோசித்து, அடுக்கிலிருந்து ஒன்றை உருவித் தருவார். ஒரு தடவைகூடத் தப்பானதில்லை. பார்த்து முடித்ததும் கேசட்டை முதலுக்குச் சுற்றிக் கொடுக்க வேண்டும், அது மட்டும்தான் அவர் கண்டிப்பு. சுற்றாமல் தருகிறவர்களை "சோத்தத் தின்னுட்டு இலைய எடுக்காமப் போறீங்களே" என்று எல்லார் முன்னாலும் கேட்டுவிடுவார்.

ஆனால் சில படங்களை நான் பேர் சொல்லிக் கேட்டால் மட்டும், "வெளிய போயிருக்குதுங்க அம்மிணி" என்பார். தண்ணீர்க் குழாயடியில் பெண்கள் பேசிப்பேசி அழுத படங்கள் அவை. மூன்று மாதம் கழித்துக் கேட்டாலும் வெளியே போயிருக்கும். எனக்கும் சந்தேகம் வரவில்லை. பின்னே, அடுக்கில் இருப்பதைப் படிக்கத் தெரிந்தால்தானே?

அன்றைக்கு மகள் படித்துவிட்டாள். கடையில் பத்துப் பேர் நின்றிருந்தார்கள். ஒருத்தர் சிரித்தார். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

"ஏனுங்ண்ணா, படிக்காதவதானேன்னு இத்தன நாளா என்னைய ஏமாத்தியிருக்கறீங்களா? பண்ணையக்காரங்க ஊட்டுக்கு எடுத்து வெக்கறீங்களா?"

அவர் முகம் வெளிறிப்போனது. "அது வேண்டாமுங்க. வேற நல்ல படம் தாரேன்" என்றார்.

"வேண்டாமுன்னு சொல்ல நீங்க யாருங்க?" என்று கேட்டு, கையில் இருந்த பழைய கேசட்டை மேசைமேல் எறிந்துவிட்டு வந்தேன். மகள் கையைப் பிடித்து இழுத்த இழுப்பில் அவள் செருப்பு ஒன்று அறுந்தது. அதை எழுத வேண்டாம் என்கிறாள், எழுது என்கிறேன்.

பிறகு நான் அந்தக் கடைப்படி ஏறவில்லை. பஸ் ஏறப் போகும்போது அவர் எதிரில் வந்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வேன். மகள் கல்யாணத்துக்குப் புதுச்சத்திரத்தில் எல்லாக் கடைக்கும் பத்திரிகை வைத்தேன், அந்தக் கடையை மட்டும் தாண்டிப் போனேன். வீடுகளுக்குக் கேபிள் வந்தது, கேசட் போய்ச் சிடி வந்தது, பிறகு அதையும் கேட்க ஆளில்லை. ஒருநாள் பார்த்தால் நடுச்சுவரை இடித்துப் பஞ்சர் கடை பெரிதாகியிருந்தது. எனக்கு அன்றைக்கு வருத்தமும் இல்லை, சந்தோஷமும் இல்லை.

இப்போது நான் மகள் வீட்டில் இருக்கிறேன். இங்கே இருக்கிற புது டிவி எனக்கு ரொம்பப் பிடிக்கும். கடைக்குப் போக வேண்டாம், எழுத்தும் வேண்டாம். ரிமோட்டில் ஒரு பொத்தானை அமுக்கிப் பேரைச் சொன்னால் படம் ஓடும். மருமகன்தான் பழக்கிவிட்டார். "சாமி, அந்தப் படத்தக் கொஞ்சம் போடு" என்று மரியாதையாகத்தான் கேட்பேன். வீட்டில் எல்லோரும் சிரிப்பார்கள், சிரிக்கட்டும், படம் வருகிறதல்லவா?

போன மாசம் திடீரென்று அந்தப் பழைய ஆத்திரம் ஞாபகம் வந்து, கடைக்காரர் ஒளித்து வைத்த படத்தைக் கேட்டேன். உடனே வந்தது. நன்றாகத்தான் போயிற்று. பாதிக்கு மேலே ஒரு சின்னப் பையன் ஆற்றுக்கு விளையாடப் போகிறான். அவன் சட்டையைக் கழற்றிக் கல்மேல் வைத்தபோதே எனக்குத் தெரிந்துவிட்டது. டிவியை அணைத்துவிட்டேன்.

மறுநாள் டிவியைப் போட்டதும் அந்தப் படம்தான் முதலில் நின்றது, அடியில் சிவப்பாக ஒரு கோடு. என்ன எழுதியிருக்கிறது என்று மகளிடம் கேட்டேன். "நீ உட்ட எடத்துல இருந்து பாக்கறயான்னு கேக்குதும்மா" என்றாள். அதற்கடுத்த நாளும் கேட்டது. தினமும் கேட்டது.

அவர் தராத இன்னும் இரண்டு படங்களின் பேரைச் சொல்லி, கதை என்னவென்று மகளைப் போனில் பார்க்கச் சொன்னேன். படித்துக்கொண்டே வந்தவள் ஓரிடத்தில் நிறுத்திவிட்டாள். அவள் படிக்கும்போது நிறுத்தி நான் பார்த்ததே இல்லை. "இதுலயும் கொழந்த செத்துப் போகுதும்மா" என்றாள். அடுத்த படத்தின் கதையையும் பார்த்துவிட்டு, "அதுலயும்" என்றாள்.

விசாரித்ததில், அவர் ராசிபுரத்தில் மருமகனுடைய நெய்க்கடையில் உட்காருகிறார் என்று தெரிந்தது. அடுத்த நாளே பஸ் ஏறினேன். தலை முழுக்க நரைத்திருந்தது, கண்ணாடி போட்டிருந்தார். என்ன பேச்சு வாங்கப் போகிறேனோ என்று படியிலேயே நின்றேன்.

அவர் கண்ணாடியைத் தூக்கிப் பார்த்தார். "வாங்க அம்மிணி. நெய்யிங்களா, படமுங்களா?"

எனக்குத் தைரியம் வந்துவிட்டது. "மன்னிப்புக் கேக்க வந்தனுங்க. ஆனா உங்க மேலயும் தப்பு இருக்குது. அன்னிக்கே ஒரு வார்த்த சொல்லியிருந்தா நா ஏனுங்ண்ணா அப்புடிப் பேசறேன்?"

"அத்தன பேரு நிக்கறப்ப எப்புடீங்க சொல்றது? புள்ள வேற பக்கத்துல நிக்குது. ஏமாத்துக்காரன்னு பேரு வாங்கறது அதவிட லேசுங்க."

"எம் பையன் சமாச்சாரம் உங்களுக்கு ஆரு சொன்னாங்க?"

"நீங்கதான்" என்றார். "மொத மாசம் ஒரு கேசட்டச் சுத்தாமக் கொண்டாந்து வெச்சீங்க. எப்பவும் சுத்திக் குடுக்கறவங்களாச்சே, டேப்பு சிக்கிக்கிச்சாட்ட இருக்குதுன்னு போட்டுப் பாத்தேன். ஒரு அம்மா கொழந்தைய மடியில போட்டுட்டு அழுவுற எடத்துல நின்னுது. பொறவுதான் டீக்கடைல விசாரிச்சேன்."

எனக்கு அந்தக் கேசட் சுத்தமாக ஞாபகமில்லை. இலையை எடுக்கவில்லை என்று ஊரையே திட்டினவர் என்னை மட்டும் அன்றைக்கு ஏன் திட்டவில்லை என்று யோசித்துக்கொண்டு நின்றேன்.

அவர் ஸ்டூலை நகர்த்திப் போட்டார். கொஞ்சம் தயங்கிவிட்டு, "கேக்கறன்னு தப்பா நெனைக்காதீங்க. பையன் இருந்திருந்தா எந்த மாதிரிப் படம் கேட்டிருப்பானுங்க?" என்றார்.

அவன் எப்படி விழுந்தான், கிணற்றுக்குச் சுவர் இல்லையா, நீ எங்கே போயிருந்தாய் என்று ஊரே என்னைக் கேட்டிருக்கிறது. அவனுக்கு என்ன பிடிக்கும் என்று அதுவரை ஒருவரும் கேட்டதில்லை.

"சண்டப் படமுங்க" என்றேன், யோசிக்காமல். "குதுர வரோணும். வெளக்குமாத்தக் காலுக்கு நடுவுல வெச்சுக்கிட்டுக் களமெல்லாம் ஓடுவான்."

"குதுரயிங்களா?" என்று கண்ணை மூடிக்கொண்டார், பழைய அடுக்கில் தேடுகிற மாதிரி. "ரெண்டு இருக்குதுங்க. ரெண்டுமே அவனுக்குக் குடுக்கலாம்" என்று சொல்லி, முதல் படத்தின் கதையை ஆரம்பித்தார். நடுநடுவே நான் என் பையன் விளக்குமாற்றுக் குதிரை ஓட்டின கதையைச் சொன்னேன். நெய் வாங்க வந்தவர்கள் பாத்திரத்தோடு நின்று கேட்டார்கள். நான் திரும்பிப் போக வேண்டிய, புதுச்சத்திரம் வழியாகப் போகிற பஸ் ஒன்று போயிற்று. இன்னொன்றும் போயிற்று.