நாலாவது சரணம்

வாசிக்கக் கற்றுக்கொடுப்பவர்களுக்கென்று எங்கள் பக்கத்தில் ஒரு சங்கம் உண்டு. பள்ளி ஆசிரியர்கள், நூலகம் பார்ப்பவர்கள், என்னைப்போலப் பெரியவர்களுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுப்பவர்கள் எல்லாரும் அதில் உறுப்பினர்கள். மாதம் ஒருமுறை மின்னஞ்சல் வரும். பயிற்சி வகுப்பு, இணையவழிப் பேச்சு, புத்தக உதவி, ஆண்டுக் கூட்டம் என்று வரப்போகும் வாய்ப்புகளை வரிசையாகப் போட்டிருப்பார்கள். பலர் அதைத் திறந்துகூடப் பார்ப்பதில்லை என்று கேள்வி. நான் இரண்டு தடவை படிப்பேன். ஏதாவது ஒன்றில் என் பெயர் வந்துவிடாதா என்ற ஆசைதான். சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனால் உண்மை அது.

கேரளத்தில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய உதியன்குளங்கரையிலிருந்து உள்ளே போகும் சாலையில் ஒரு வாசகசாலை இருக்கிறது. அதன் பக்கத்து அறையில் வாரம் மூன்று நாள் சாயங்காலம் நான் தமிழ் வகுப்பு எடுத்துவந்தேன். அங்கே வருகிறவர்களில் ஓர் அக்கா. ஐம்பது கடந்தவர், பள்ளிக்கூடத்தில் மதிய உணவு சமைப்பவர், பழைய மிஷன் சபையைச் சேர்ந்த குடும்பம். ஒருநாள் தவறாமல் வருவார். மற்றவர்கள் கொட்டாவி விடும்போது அவர் மட்டும் முதுகை நிமிர்த்தி உட்கார்ந்து என் வாயையே பார்ப்பார். எந்த வாத்திச்சிக்கும் அப்படி ஒரு ஆள் கிடைத்தால் தலை கொஞ்சம் கனக்கத்தான் செய்யும்.

சங்கத்தின் பயிற்சி ஒன்றில் ஒரு முறை சொல்லித் தந்திருந்தார்கள். கற்கிறவரின் வாயில் ஏற்கெனவே இருக்கிற பேச்சையோ பாட்டையோ காகிதத்தில் எழுதிக் காட்டு. விரல் வைத்துச் சேர்ந்து வாசி. பிறகு சொற்களைத் தனித்தனியாக வெட்டிக் கலைத்துப் போட்டு அடையாளம் காணச் செய். நான் அக்காவிடம் என்ன தெரியும் என்று கேட்டேன். சபைப் பாட்டு தெரியும் என்றார். அவருடைய பாட்டுப் புத்தகத்திலிருந்தே ஒரு பாட்டை எடுத்துக்கொண்டோம். எங்கள் வீடு அம்மன் கோயிலுக்குப் போகிற வீடு. அந்தப் பாட்டின் நீண்ட சொற்கள் எனக்கே நாக்கில் புரளவில்லை. அக்கா நாலே மாதத்தில் அதைத் தடங்கலில்லாமல் வாசித்தார். சொல் சொல்லாக விரல் நகர்ந்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

சொற்களை வெட்டிக் கலைத்துப் போடும் கடைசிப் படியை நான் செய்யவில்லை. இவ்வளவு சரளமாக வாசிப்பவருக்கு அது எதற்கு என்று நினைத்தேன். அந்த வாரமே ஆண்டுக் கூட்டத்துக்கு விண்ணப்பம் போட்டேன். கற்றவரையே மேடைக்கு அழைத்துவந்து வாசிக்கச் செய்கிறேன் என்று பெருமையாக எழுதினேன். ஏற்றுக்கொண்டோம் என்று பதில் வந்தது. அக்காவிடம் சொன்னேன்.

"திருவனந்தபுரத்துலயா? மேடையிலயா?" என்று கேட்டார். "நீங்க விளிச்சா நான் வாறேன் டீச்சரே" என்றார்.

கூட்டத்துக்கு நாலு நாள் இருக்கும்போதுதான் என் தலையில் இடி விழுந்தது. திரையில் காட்ட அந்தப் பாட்டின் தெளிவான பிரதி ஒன்று வேண்டியிருந்தது. அக்காவின் புத்தகம் பழசு, தாள் மஞ்சளித்துப் போனது. எங்கள் தெருவில் வேறொரு சபைக்குப் போகும் வீட்டில் புதிய புத்தகம் இரவல் வாங்கி, பாறசாலையில் ஜெராக்ஸ் கடையில் அந்தப் பக்கத்தைப் பெரிதாக எடுத்துக்கொண்டேன். பாட்டு அதே பாட்டுதானே, எந்தப் புத்தகமானால் என்ன என்று இருந்தேன். ஒரே பாட்டை ஒரு சபை முழுதாகவும் இன்னொரு சபை ஒரு சரணத்தை விட்டும் பாடும் என்பது அந்தப் பக்கம் போகாத எனக்கு எப்படித் தெரியும்?

அன்று சாயங்காலம் அக்கா அந்தக் காகிதத்தை வாங்கி வாசித்தார். நான் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். முதல் சரணம், இரண்டாவது, மூன்றாவது. விரல் தாளின் கடைசி வரியின் கடைசிச் சொல்லுக்கு வந்துவிட்டது. குரல் நிற்கவில்லை. நாலாவது சரணம் தொடங்கியது. விரல் கடைசி வரியின் ஆரம்பத்துக்குத் திரும்பி, அதே சொற்களின்மேல் மறுபடியும் மெதுவாக ஊர்ந்தது. காகிதத்தில் இல்லாத ஒரு சரணத்தை அக்கா ஒரு பிசிறில்லாமல் வாசித்து முடித்தார்.

அக்கா நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"நல்லா இருக்கு அக்கா" என்றேன்.

அப்படிச் சொன்ன என் வாயை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை. அந்த இடத்திலேயே கேட்டிருக்கலாம். கேட்டால் விண்ணப்பம் பொய்யாகிவிடும். கேட்காவிட்டாலும் பொய்தான், ஆனால் அது எனக்கு மட்டும் தெரிந்த பொய். அப்படித்தான் என் புத்தி வேலை செய்தது.

அந்த நாலு நாளும் நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். காய்ச்சல் என்று சொல்லி விலகிவிடலாமா என்று யோசித்தேன். நிகழ்ச்சி நிரல் அச்சாகி வாட்ஸ்அப்பில் வந்துவிட்டது; என் பெயர் இருந்தது. நான் ஆசைப்பட்ட பெயர், பார்க்கவே பிடிக்கவில்லை. நாலு சரணமும் உள்ள பழைய புத்தகத்தையே மேடையில் கொடுத்துவிட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை என்றும் ஒரு யோசனை வந்தது. அந்த யோசனையில் ஒரு மணி நேரம் நிம்மதியாக இருந்தேன்.

பிறகுதான் சங்கத்தின் வழக்கம் நினைவுக்கு வந்தது. கற்றவர் யாராவது மேடையில் வாசித்து முடித்தால், தலைவர் எழுந்து வந்து அன்றைய நிகழ்ச்சி நிரலை அவர் கையில் கொடுப்பார். ஒரு பக்கம் மலையாளம், மறுபக்கம் தமிழ். "இதில் உங்களுக்குப் பிடித்த ஒரு வரியை வாசியுங்கள்" என்பார். வாழ்த்து மாதிரியான ஒரு சடங்கு அது. முந்தைய வருடம் மலைப்பக்கத்திலிருந்து வந்த ஒருவர் அந்த இடத்தில் திக்கி நின்றுவிட்டார். அவர் மறுபடி தொடங்குவதற்குள் ஹாலே இரக்கப்பட்டுக் கைதட்டியது. அவர் இறங்கிப் போகும்போது காது மடல் சிவந்திருந்ததை நான் பார்த்தேன். அந்தக் கைதட்டு அக்காவுக்கும் விழப்போகிறது, அதுவும் என் பேராசையால்.

கூட்டத்தன்று காலை பாறசாலையில் பஸ் ஏறினோம். அக்கா நீல நிறப் புதுச்சேலை கட்டியிருந்தார். ஜன்னலோரம் உட்கார்ந்து, பாட்டுப் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டார். இப்போது சொல்லலாம், அடுத்த நிறுத்தத்தில் சொல்லலாம் என்று நான் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தேன். நெய்யாற்றின்கரையும் தாண்டிவிட்டது. இனித் தாமதித்தால் ஹாலுக்குள்தான் சொல்லவேண்டும்.

"அக்கா, அண்ணைக்கு நான் தந்த பேப்பர்ல மூணு சரணம்தான் இருந்துது" என்றேன்.

அக்கா ஜன்னலிலிருந்து திரும்பவில்லை.

"பேப்பரு தீந்து போச்சுன்னு எனக்கும் தெரிஞ்சுது டீச்சரே. பாட்டு தீரல்ல. நான் என்ன செய்யட்டு?"

"அப்பம் நீங்க வாசிக்கேல்லன்னு ஒங்களுக்கு..."

"எனக்குத் தெரியாதா? நாப்பது வருசமா சபையில இப்பிடித்தான் புஸ்தகம் விரிச்சு வச்சிட்டு நிக்கியேன். நம்பர் பாத்து பக்கம் எடுக்கத் தெரியும். பொறவு எல்லாம் மனசுல உண்டு. பக்கத்துல நிக்கவளுக்குக்கூடத் தெரியாதாக்கும்."

"எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாமே."

இப்போதுதான் என்னைப் பார்த்தார். கோபமில்லை. சமையலில் உப்பு கூடியதைச் சொல்வதுபோலச் சாதாரணமாகச் சொன்னார்: "மொதல்ல நான் வாசிச்சப்ப நீங்க கண்ணு நெறஞ்சு கரஞ்சிய. அந்த சந்தோசத்த நான் எப்பிடிக் கெடுக்க? அண்ணைக்கு பேப்பரு தீந்தப்ப, நீங்க கண்டிய. கேப்பியன்னு நெனச்சேன். நல்லா இருக்குன்னு சொன்னிய. அதுகொண்டு நானும் சொல்லல்ல."

இத்தனை நாள் நான் அவரைக் காப்பாற்றத் தவித்துக்கொண்டிருப்பதாக நினைத்தேன். அவர் அல்லவா என்னைக் காப்பாற்றிக்கொண்டு வந்திருக்கிறார். முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

"நாம எறங்கித் திரும்பிப் போவம் அக்கா. நான் போன் பண்ணிச் சொல்லிருவேன்."

"எதுக்கு? நான் புதுச்சேல உடுத்திருக்கேன். நீங்க உள்ளதச் சொல்லுங்க. நானும் கூட நிக்கேன்."

ஹாலில் முன்வரிசையில் எங்கள் பக்கத்து ஆசிரியைகள் நாலைந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள். அதில் ஒருவர் அக்காவின் சபைக்காரி. அவரை நான் பார்த்துவிட்டேன். அக்காவும் பார்த்துவிட்டார். சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டார், அவ்வளவுதான்.

எங்கள் முறை வந்தது. கொண்டுபோயிருந்த உரையை மடித்து வைத்துவிட்டேன். என்ன பேசினேன் என்று வரிசையாக நினைவில்லை. இவர் வாசிக்கிறார் என்று நான் எழுதியது தவறு, நான் சோதித்துப் பார்க்கவில்லை, மனப்பாடத்தை வாசிப்பு என்று எண்ணிவிட்டேன், காகிதம் முடிந்த பிறகும் குரல் முடியாததைக் கண்டும் கேட்காமல் இருந்தேன் என்று சொன்னேன். குரல் நடுங்கியது. ஒலிபெருக்கி அந்த நடுக்கத்தையும் பெரிதாக்கிக் காட்டியது.

தலைவர் பணி ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். கையில் நிகழ்ச்சி நிரலோடு பாதி எழுந்தவர் என்ன செய்வதென்று தெரியாமல் அப்படியே நின்றார். பிறகு உட்காரப் போனார். அக்கா கையை நீட்டினார்.

"தாருங்க சாரே."

வாங்கி, தமிழ்ப் பக்கத்தைத் திருப்பி வைத்து, வெகுநேரம் பார்த்தார். உதடு அசைந்தது. யாராவது இரக்கப்பட்டுக் கைதட்டிவிடக்கூடாதே என்று நான் உள்ளுக்குள் கெஞ்சிக்கொண்டிருந்தேன். அக்கா ஒலிபெருக்கிக்குப் பக்கத்தில் வந்தார்.

"இதுல ஏழெட்டு எழுத்து எனக்குத் தெரியும். வாசிக்கத் தெரியாது" என்றார். முன்வரிசையைப் பார்த்துத்தான் சொன்னார். காகிதத்தை மடித்துத் தலைவரிடம் திருப்பிக் கொடுத்தார். யாரும் கைதட்டவில்லை. நாங்கள் இறங்கி வந்தோம்.

சாப்பாட்டு நேரத்தில் நான் எதிர்பாராதது நடந்தது. ஒருவர் மாற்றி ஒருவராக வந்து என்னைச் சூழ்ந்துகொண்டார்கள். எங்கள் வகுப்பிலும் அப்படி ஒருவர் இருப்பார்போல, எப்படிக் கண்டுபிடிப்பது என்று கேட்டார்கள். கடைசிப் படியை ஏன் விட்டீர்கள் என்று ஒருவர் குடைந்தார். தலைவர் என் தோளில் தட்டி, இதையே சங்கத்தின் இதழுக்கு ஒரு கட்டுரையாக எழுதித் தரச் சொன்னார். அடுத்த பயிற்சிப் பட்டறையில் ஒரு அமர்வு நீங்கள்தான் எடுக்கவேண்டும் என்றார். நாலு நாளாக அடைத்துக்கிடந்த நெஞ்சு ஒரேயடியாகத் திறந்துகொண்டது. இலையில் இரண்டாவது தடவை பாயசம் வாங்கினேன். அக்கா எங்கே உட்கார்ந்து சாப்பிட்டார் என்று எனக்குத் தெரியாது.

திரும்பி வரும் பஸ்ஸில் கூட்டம் குறைவு. நான் பேசிக்கொண்டே வந்தேன். கட்டுரையை எங்கிருந்து தொடங்கலாம், அமர்வில் எந்தப் பாட்டை எடுத்துக்கொள்ளலாம், அக்காவும் வந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று ஓயாமல் சொன்னேன். பயம் போன மகிழ்ச்சியில் வாய்க்குப் பூட்டில்லை. அக்கா எல்லாவற்றுக்கும் ம் கொட்டிக்கொண்டு வந்தார்.

நான் மூச்சு வாங்க நிறுத்தியபோது கேட்டார்.

"டீச்சரே, மீட்டிங் கழிஞ்சுல்லா. இனியாவது எனக்கு வாசிக்கச் சொல்லித் தருவியளா?"