அவள் விழுங்கிய சொல்

2003-ஆம் வருடம், ஜூன் மாதம். திருவனந்தபுரத்தில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில், நோயாளிகளின் ஃபைல்களைப் பாதுகாக்கும் பிரிவில் நான் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு நாள் மத்தியானம் மூளை அறுவை சிகிச்சை டாக்டர் என்னைக் கூப்பிட்டனுப்பினார். போனதும் அவர் கேட்ட முதல் கேள்வி, "சேச்சி தமிழ் ஆளல்லே?" அக்கா, நீங்கள் தமிழ்தானே என்று.

வலியசாலை அக்ரகாரத்தில் பிறந்து வளர்ந்தவள் நான். வீட்டில் தமிழ், வெளியே மலையாளம். "ஆமாம் சார், நல்ல தமிழே பேசுவேன்" என்று கொஞ்சம் பெருமையாகவே சொன்னேன்.

விஷயம் இதுதான். பொன்முடியில் தேயிலைக் கொழுந்து பறிக்கும் ஒரு பெண். முப்பது வயது கூட இருக்காது. தென்காசிப் பக்கத்திலிருந்து வந்த குடும்பம். ஒரு வருடமாக அடிக்கடி வலிப்பு. ஸ்கேன் எடுத்ததில் மூளையின் இடது பக்கம் கட்டி, அதுவும் பேச்சுக்கான இடத்தை ஒட்டி. முழு மயக்கத்தில் வைத்து எடுத்தால் கட்டியோடு பேச்சும் போய்விடலாம். அதனால் பாதியில் மயக்கத்தைத் தெளிவித்து, அவளைப் பேசவைத்துக்கொண்டே எடுக்க வேண்டும். மூளைக்கு வலி தெரியாது என்பதே எனக்கு அன்றுதான் தெரியும்.

மூளையை அங்கங்கே மிக மெல்லிய மின்சாரத்தால் தொடுவார்கள். அதே நேரத்தில் அவளுக்கு ஒரு படம் காட்ட வேண்டும். பெயரைச் சொல்லிவிட்டால் அந்த இடத்தில் கத்தி வைக்கலாம். பேச்சு நின்றுபோனால் அங்கே தொடவே கூடாது. அவளுக்கு மலையாளம் ஓரளவு வரும். ஆனால் தாய்மொழியில்தான் சோதிக்க வேண்டும், எங்கள் குழுவில் தமிழ் ஆள் இல்லை என்றார் டாக்டர். ஒரு கட்டுப் பட அட்டைகளைக் கொடுத்து, "இன்றே போய்க் காட்டுங்கள். தயங்காமல் பெயர் சொல்கிற படங்களை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்" என்றும் சொன்னார்.

வார்டுக்குப் போனேன். கணவன் பக்கத்தில் நிற்க, கட்டிலில் கால்களை மடக்கி உட்கார்ந்திருந்தாள். குடை, பசு, சாவி எல்லாம் டக்டக்கென்று வந்தன. தவளைப் படத்துக்கு, "தவக்களை" என்றாள்.

"தவளைன்னு சொல்லணும்" என்றேன்.

துடைப்பத்துக்கு "வாரியல்" என்றாள். அதையும் திருத்தினேன். அடுத்தது வண்ணத்துப்பூச்சி. அவள் முகம் மலர்ந்தது. "பாப்பாத்தி!"

எனக்குச் சுருக்கென்றது. எங்கள் தெருப் பெண்களை வெளியில் அந்த வார்த்தையால் கேலி செய்வதைக் கேட்டு வளர்ந்தவள் நான். "என்ன சொன்னே?" என்றேன்.

மிரண்டுபோனாள். "அந்தப் பூச்சிதான் மேடம்..."

"அதுக்குப் பேர் வண்ணத்துப்பூச்சி. டாக்டர் முன்னாடி இப்படியெல்லாம் பேசக் கூடாது."

பள்ளிக்கூடத்தில் பாடம் எடுப்பது மாதிரி நாலைந்து தடவை சொல்லவைத்தேன். திருப்பிச் சொன்னாள். எல்லாப் படத்துக்கும் 'சரி' என்று டிக் போட்டு டாக்டரிடம் தாளைக் கொடுத்துவிட்டேன். அந்தப் பெண்ணுக்கு ஒத்தாசை செய்துவிட்டதாகவே நினைப்பு.

மறுநாள் காலை தியேட்டருக்குள் போனேன். பச்சைத் துணியைக் கூடாரம் மாதிரி கட்டியிருந்தார்கள். துணிக்கு அந்தப் பக்கம் டாக்டர்கள். இந்தப் பக்கம் அவள் முகமும் நானும் மட்டும். மயக்கம் தெளிந்து கண்ணைத் திறந்தவள், "மேடம், இருக்கீங்களா?" என்றாள். "இருக்கேன்மா" என்று அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

படம் காட்ட ஆரம்பித்தோம். குடை. பசு. ஓர் இடத்தில் சாவியைப் பார்த்து "சா..." என்று ஆரம்பித்தவளுக்குக் குரல் அப்படியே நின்றுவிட்டது. என்ன ஆயிற்று என்று புரியாமல் விழித்தாள். மின்சாரத்தை எடுத்ததும் "சாவி" என்று வந்தது. அந்த இடத்தில் அடையாளம் வைக்கச் சொன்னார் டாக்டர்.

பிறகு வேறோர் இடத்தில் தவளை. அவள் பேசவில்லை. இன்னும் கொஞ்சம் தள்ளி, வண்ணத்துப்பூச்சி. அதற்கும் பேசவில்லை.

"சொல்லலை சார்" என்றேன்.

அப்படியென்றால் இந்தப் பகுதியைத் தொட முடியாது, கட்டியில் இவ்வளவை விட்டுவிட வேண்டியதுதான் என்று டாக்டர் மற்றவர்களிடம் சொல்வது காதில் விழுந்தது.

நான் அவள் முகத்தைப் பார்த்தேன். சாவிக்கு விழித்த மாதிரி இப்போது விழிக்கவில்லை. உதட்டை இறுக்கி மூடிக்கொண்டு என்னையே பார்த்தாள். கண்ணோரம் ஈரம். சொல் வராமல் இல்லை. வந்த சொல்லை விழுங்கிக்கொண்டிருக்கிறாள். நான் சொல்லிக்கொடுத்தது மறந்துபோய், தன் வாயில் வந்ததைச் சொன்னால் நான் திட்டுவேன் என்று பயந்துகொண்டிருக்கிறாள்.

நான் வாயைத் திறக்காவிட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை. ஆனால் எடுத்திருக்கக்கூடிய கட்டி அவள் தலைக்குள்ளேயே தங்கிவிடும்.

"சார், ஒரு நிமிஷம். தப்பு என்னோடது" என்று எல்லாவற்றையும் சொன்னேன். நன்றாக வாங்கிக்கட்டிக்கொள்ளப் போகிறேன் என்று நினைத்தேன். டாக்டர் அமைதியாக, "அவருடெ வாக்கு மதி, சேச்சி" என்றார். அவளுடைய சொல்லே போதும்.

நான் அவள் காதருகே குனிந்தேன். "நேத்திக்கு நான் சொன்னதெல்லாம் விட்டுடும்மா. உங்காத்துல எப்படிச் சொல்லுவேளோ, அப்படியே சொல்லு."

"கோவிக்க மாட்டீங்கல்ல?"

"சத்தியமா மாட்டேன்."

படத்தைக் காட்டினேன். "பாப்பாத்தி" என்றாள், தெளிவாக. அதே இடங்களைத் திரும்பத் திரும்பத் தொட்டுச் சோதித்தார் டாக்டர். தவக்களை, வாரியல், பாப்பாத்தி. ஒரு தடவை கூடக் குரல் உடையவில்லை. அந்தப் பகுதியை எடுக்கலாம் என்று முடிவானது.

அதன் பிறகு கட்டியை எடுத்து முடிக்கிறவரை அவளைப் பேசவைத்துக்கொண்டே இருக்க வேண்டியிருந்தது. மழையில் கொழுந்து பறிக்கும்போது காலில் ஏறும் அட்டைகளைப் பற்றிச் சொன்னாள். மலைவளைவுகளில் பஸ் திரும்பும்போது வாந்தி எடுக்கும் தன் மகளைப் பற்றிச் சொன்னாள். நடுவில் சட்டென்று நிறுத்தினாள். எனக்குத் திக்கென்றது.

"ஒங்க கை ஏன்க்கா இப்படிச் சில்லுனு இருக்கு?" என்றாள். "பயப்படாதீங்க. எனக்கு ஒண்ணும் ஆவாது."

மண்டை ஓடு திறந்திருக்க, எனக்கு ஆறுதல் சொன்னாள். அதுவரை மேடமாக இருந்த நான் அக்கா ஆனேன். முகமூடிக்குள் அழுதேன்.

ஆபரேஷனுக்குப் பிறகு இரண்டு நாள் அவள் பேச்சு கொஞ்சம் குழறலாகத்தான் இருந்தது. மூன்றாம் நாள் வார்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "அந்த வார்த்தைக்கு வேற அர்த்தம் இருக்குன்னு அன்னிக்கு ராத்திரி இவரு சொல்லித்தான்க்கா எனக்குத் தெரியும். ஒங்களை மனசுல வெச்சு நான் சொல்லல" என்றாள். ஆபரேஷனுக்குப் போகிறவள், எனக்கு மனசு நொந்திருக்குமோ என்ற கவலையையும் சேர்த்துச் சுமந்துகொண்டு போயிருக்கிறாள்.

பிறகு பல வருடங்கள் செக்கப்புக்கு வந்துபோனாள். மாத்திரை நிற்கவில்லை, ஆனால் வலிப்பு வருவது நின்றுவிட்டது. வரும்போதெல்லாம் என் பிரிவுக்கு வந்து எட்டிப் பார்க்காமல் போகமாட்டாள்.

நான் ஓய்வு பெற்றுவிட்டேன். எதிரில் இருப்பவர் பேசுவதைத் திருத்துவதற்கு முன்னால், அவர் என்ன சொல்ல வருகிறார் என்று கேட்கிற பொறுமை எனக்கு நாற்பத்திரண்டு வயதில்தான் வந்தது. அதைக் கற்றுத்தந்தவள், ஒரு கோபச் சொல்கூட இல்லாமல் கற்றுத்தந்தாள்.