இரண்டு பேர் உட்காரும் கார்

கல்யாணமாகி ஆறு வருஷத்தில் என் வீட்டுக்காரரிடம் நான் மனப்பாடமாக அறிந்திருந்தது அவருடைய பிடரியை மட்டும்தான். முடி எந்த இடத்தில் சுழிக்கும், காலர் எந்தப் பக்கம் தேய்ந்திருக்கும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். முகத்தைப் பற்றிக் கேட்டால் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

காரணம் எங்கள் கார். ரப்பர் விலை ஏறிக்கொண்டிருந்த காலம். தோட்டங்களிலிருந்து ரப்பர் ஷீட்டுகளை ஈப்போ ரயிலடிக்கு லாரியில் கொண்டுவரும் கான்ட்ராக்டு அவருடையது. கை கொஞ்சம் நிமிர்ந்ததும் பெரிய சலூன் கார் ஒன்றை வாங்கிவிட்டார். கறுப்பு நிறம், பழுப்புத் தோல் மெத்தை, ஜன்னல்களுக்குப் பட்டுத் திரை. நடுவில் இரண்டு மடக்கு சீட்டையும் சேர்த்தால் ஏழு பேர் தாராளமாக உட்காரலாம்.

முன்னால் அவர் ஓட்டுவார். பக்கத்தில் எங்கள் சபையின் உபதேசியார். பின்னால் பெண்கள். எங்களோடு இருந்த என் நாத்தனாருக்குக் காற்றில்லாவிட்டால் தலை சுற்றும், அதனால் ஜன்னலோரம் அவருக்கு. நடுவில் நான். சபையில் கார் வைத்திருந்த தமிழ்க் குடும்பம் எங்களுடையது ஒன்றுதான் என்பதால் கல்யாணப் பெண், காய்ச்சல்காரி, கோழிக்கூடை என்று எல்லாம் என் தோளிலும் மடியிலும்தான் வந்து சேரும். கோயிலிலும் ஆண்கள் வலப்பக்கம், பெண்கள் இடப்பக்கம். அவர் பக்கத்தில் நான் நின்றது கல்யாணத்தன்று ஒரு தடவை. அன்றும் தலையைக் குனிந்திருந்தேன், பூட்ஸைத்தான் பார்த்தேன்.

இப்படி இருக்கையில் சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டத் துரைக்கு ஒரு தேவை வந்தது. அவருடைய மனைவியும் பிள்ளைகளும் சீமையிலிருந்து இங்கே வரக் கப்பலேறிவிட்டார்கள். அவரிடம் இருந்ததோ இரண்டு பேர் உட்காரும் சின்னக் கார். உன் பெரிய காரைக் கொடு, என் காரை எடுத்துக்கொள் என்று என் வீட்டுக்காரரிடம் கேட்டிருக்கிறார்.

"ஒரு வாரம் ஓட்டிப் பாருன்னு குடுத்திருக்காரு. ஞாயித்துக்கிழம பதில் சொல்லணும்" என்றபடி இவர் அதை வீட்டுக்குக் கொண்டுவந்தார்.

நீல நிறம். நீண்ட மூக்கு, தாழ்ந்த கூரை. நிற்கும்போதே ஓடுவது போலிருந்தது. பின்பக்கம் பெட்டி மூடி போல ஒன்றைத் திறந்தால் கூரையில்லாத ஒரு குட்டி இருக்கை. அதை டிக்கி என்றார்கள். நாத்தனார் காரை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார்.

"ரெண்டு பேரு போயிருவீங்க. மத்தவங்கல்லாம் எங்க குந்துறது? இந்தப் பொட்டிக்குள்ளயா?"

"ஓட்டிப் பாத்துட்டுச் சொல்றேன் அக்கா" என்றார் இவர். அப்புறம் ஆறு வருஷத்தில் முதல் தடவையாக என் பக்கம் திரும்பி, "நீ என்ன சொல்ற?" என்றார். எதற்கெடுத்தாலும் வாயாடும் நான் அன்று முந்தானையால் கார்க் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

சனிக்கிழமை காலை தாப்பா வரை போய்வரலாம் என்று கிளம்பினோம். நானும் அவரும் மட்டும். அந்தப் பயணத்தை இன்றைக்கு நினைத்தாலும் அது நடந்ததா, நானாகக் கண்டதா என்று சந்தேகம் வருகிறது. சுண்ணாம்பு மலைகள் காலைப் புகைமூட்டத்துக்குள்ளிருந்து ஒவ்வொன்றாக வெளியே வந்து, எங்களைப் பார்த்துவிட்டு மறுபடி உள்ளே போயின. ஈயம் தோண்டிய குட்டைகளில் வானம் கிடந்தது. ரப்பர் மரங்களுக்குள் நுழைந்ததும் வெயிலும் நிழலும் மாறி மாறி என் மடியில் விழுந்தன. மடியில் கோழிக்கூடை இல்லை. வளைவுகளில் அவர் முழங்கை என் கையில் பட்டது. அவரும் விலக்கவில்லை, நானும் விலக்கவில்லை.

அவர் காதுக்குக் கீழே ஒரு தழும்பு இருந்தது. கேட்டேன்.

"கப்பல்ல வரும்போது ஏணியில இடிச்சுக்கிட்டது. இப்பத்தான் பாக்குறியா?"

அதைவிட ஆச்சரியம், அவர் பாட்டு முனகிக்கொண்டே ஓட்டினார். கீர்த்தனை பாதி, மலாய்ப் பாட்டு பாதி. நல்ல குரல்.

"பாடுவீங்களா?" என்றேன்.

"வண்டியெடுத்தா எப்பவும் பாடுவேனே. பின்னாடி கேக்காதா?"

கேட்டதே இல்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது. தூசி என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

திரும்பி வரும்போது கம்பாருக்கு இந்தப் பக்கம் ஒரு தோட்டத்து முச்சந்தியில் மூன்று பேர் நின்றிருந்தார்கள். வெள்ளைத் துணி சுற்றிய குழந்தையோடு ஒரு தாய், தகப்பன், ஞானத்தாயாக நிற்கவேண்டிய ஒரு அக்கா. பார்த்ததும் எனக்குப் பகீரென்றது. மாதத்தின் முதல் ஞாயிறு எங்கள் சபையில் ஞானஸ்நானம். முந்தின நாள் எங்கள் கார் வந்து தோட்டத்துப் பிள்ளைகளையும் பெற்றவர்களையும் ஏற்றிப் போகும், அன்றைக்கு அவர்களுக்கு எங்கள் வீட்டில்தான் சாப்பாடும் படுக்கையும். அதை ஞாபகம் வைத்திருப்பது என் வேலை. நீலக் காரின் மயக்கத்தில் அடியோடு மறந்துவிட்டேன்.

அவர்கள் எங்களைப் பார்த்துக் கை காட்டவில்லை. யாரோ துரை போகிறார் என்று ஒதுங்கி நின்று, எங்களைத் தாண்டிச் சாலையைப் பார்த்தார்கள். எங்களுடைய பெரிய காரைத்தான் தேடினார்கள்.

இவர் நிறுத்தினார். நான் இறங்கி, தாயையும் பிள்ளையையும் என் இடத்தில் உட்காரவைத்தேன். அந்த அக்காவும் நானும் டிக்கிக்குள் ஏறிக்கொண்டோம். தகப்பன் படிப்பலகையில் தொற்றிக்கொண்டார். முகத்தில் புழுதி அறைய, பின்பக்கத்துச் சின்னக் கண்ணாடி வழியாக எட்டிப் பார்த்தேன். அதே பிடரி. பாட்டு கேட்கவில்லை.

வீட்டுக்கு வந்து அவர்களை நாத்தனாரிடம் ஒப்படைத்துவிட்டு, கார் நின்ற இடத்துக்குப் போனேன். அவர் தூசி துடைத்துக்கொண்டிருந்தார்.

"ஒனக்குப் புடிச்சிருக்கு, தெரியுது. நீ சரின்னா மாத்திரலாம்" என்றார்.

எனக்கு அந்தக் கார் வேண்டும் போலிருந்தது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அவரை எனக்கு மட்டும் வைத்துக்கொள்ள ஆசையாக இருந்தது. ஆனால் எங்களைத் தாண்டிப் பார்த்த அந்த மூன்று ஜோடிக் கண்கள் விடவில்லை.

"வேணாங்க. திருப்பிக் குடுத்துருங்க."

அவர் முகம் சட்டென்று வாடியது. அவருக்கும் அதே ஆசைதான் என்று அப்போது தெரிந்துகொண்டேன். தெரிந்ததும் கோபம் வந்தது. யார் மேல் என்று சொல்லத் தெரியவில்லை. சமையலறையில் பாத்திரங்கள்தான் அடிபட்டன.

அன்று ராத்திரியே அவர் நீலக் காரைத் துரையிடம் விட்டு எங்களுடையதை எடுத்து வந்ததால், மறுநாள் காலை பெரிய கார் வாசலில் நின்றது. அந்தத் தாயும் பிள்ளையும் அக்காவும் பின்னால் ஏறினார்கள், தகப்பன் கதவோரம் நின்றார். நாத்தனார் ஜன்னலோரம் உட்கார்ந்து, நடுவில் எனக்கு இடம் விட்டார். உபதேசியார் வேதப்புத்தகத்தோடு முன்பக்கக் கதவுக்கு வந்துகொண்டிருந்தார். எனக்கு என்ன துணிச்சலோ, நான்கு எட்டு வைத்து அவரை முந்திப் போய், கதவைத் திறந்து ஏறி உட்கார்ந்துவிட்டேன்.

"என்ன இது?" என்று கேட்க வந்தவர் போல நாத்தனார் வாயைத் திறந்து மூடினார். உபதேசியார் செருமினார். நான் நேரே பார்த்துக்கொண்டிருந்தேன். இறங்கு என்று என் வீட்டுக்காரர் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் இறங்கியிருப்பேன், அப்புறம் ஆயுசுக்கும் ஏறியிருக்க மாட்டேன்.

"ஐயா, நீங்களும் அண்ணனும் நடு மடக்கு சீட்டுல குந்துங்க. பாகுஸா, நல்லா வசதியா இருக்கும்லா" என்றார் அவர்.

கார் கிளம்பியது. தெரு முனை திரும்பியதும் மெல்ல முனக ஆரம்பித்தார். பிறகு சட்டென்று நிறுத்தி, என் பக்கம் சாய்ந்தார்.

"பின்னாடி கேக்குமோ?"

"கேக்காது" என்றேன். "ஆறு வருஷமா நான் அங்கதான இருந்தேன்."