கிழிந்த ரப்பர்

கடலுக்கடியில் நீந்திப் பார்க்கிறவர்களுக்குக் கருவிகளை வாடகைக்கு விடும் கடையில், அவற்றைச் சரிபார்த்துக் கொடுப்பது அவர் வேலை. எதையும் மறுபடி பார்க்காமல் தரமாட்டார் என்பதால் கூட இருப்பவர்கள் அவருக்கு 'இன்னொருதடவை' என்றே பெயர் வைத்திருந்தார்கள்.

நீருக்கடியில் மாரடைப்பு வந்து இறந்துபோன ஒருவரின் மனைவி, விசாரணை முடிந்து கைக்கு வந்த கருவியைத் திருப்பித் தர வந்தாள். மூச்சுக்குழாயில் பல்லால் கவ்விக்கொள்ளும் ரப்பர் கிழிந்திருந்தது.

"அவர்தான் கடிச்சுட்டார் போல. சேதமானா நாங்கதானே பொறுப்பு? என்னங்க தரணும்?"

அவர் அதை வாங்கி ஓரமாக வைத்தார். "ஒண்ணும் வேண்டாம்மா. அது ஏற்கெனவே கிழிஞ்சிருந்ததுதான்."

அவள் நிமிர்ந்து பார்த்தாள். "கிழிஞ்சதையா அவருக்குக் கொடுத்தீங்க?"

"ஐயோ, இல்லம்மா! அன்னைக்குக் காலையிலதான் புதுசு மாட்டினேன். நீங்க சங்கடப்படக் கூடாதேன்னு பொய் சொல்லிட்டேன்."

புது ரப்பர் மாட்டியதை எழுதி வைத்திருந்த பதிவேட்டை விரித்துக் காட்டினார். அவள் அதைப் பார்க்கவே இல்லை.

"டாக்டர் மாரடைப்புன்னு சொன்னதை நம்பிட்டேனே" என்று அழுதபடியே வெளியேறினாள்.

இரண்டு முறை அவள் வீடு தேடிப் போனார். இரண்டாம் முறை அவளுடைய தம்பி வாசலுக்கு வந்து, "அக்கா உங்க முகத்தையே பார்க்க வேண்டாங்கறாங்க, போயிடுங்க" என்றான். அவர் படியிறங்கினார்.