அந்தப் பொம்பளை நான் இல்லை சார்

“சார், அந்தப் பொம்பளை நான் இல்லை.”

போனை எடுத்ததும் காதில் விழுந்த முதல் வாக்கியம் இதுதான். வணக்கம் இல்லை. பேர் இல்லை. பின்னால் தகரக் கூரையில் மழை கொட்டும் சத்தம்.

ராங் நம்பர் என்று நினைத்தேன். “எந்தப் பொம்பளைம்மா?”

“பேப்பர்ல போட்டிருக்கே சார்... ஏலப்பாறைப் பக்கம், சர்ச்சுக்குக் கீழ, கடைசி வீடுன்னு. அதுக்கு அடியில உங்க போட்டோ இருக்குல்லா? எம் மவ உங்க ஆபீசுக்குப் பேசி நம்பர் வாங்கிக் குடுத்தா. நான் யாருகிட்டயும் ஒரு வார்த்தை பேசலை சார். மாதா மேல சத்தியம்.”

போட்டோ என்றதும் புரிந்துவிட்டது. அந்தப் போட்டோவில் நான் சிரித்துக்கொண்டு நிற்கிறேன். கையில் ஒரு கேடயம். வாங்குகிற கை ஒரு மாணவியுடையது.

பாலக்காட்டில் ஒரு கல்லூரி. இதழியல் படிக்கும் பிள்ளைகள் தமிழில் ஒரு சிறு இதழ் நடத்துகிறார்கள். அதில் சிறந்த கட்டுரைக்குப் பரிசு கொடுக்க, பத்திரிகையில் எழுதுகிறவன் என்று என்னை அழைத்தார்கள். கட்டுரையை முன்கூட்டியே வாங்கி, பென்சிலால் அடிக்கோடு போட்டுப் படித்துவிட்டுத்தான் போனேன். என் சுபாவம் உங்களுக்குத் தெரியும். அன்றைய டைரியில் “இந்தப் பெண்ணுக்கு நல்ல காது” என்று எழுதியும் வைத்தேன். 

கட்டுரை ஒரு தேயிலைத் தோட்டத்துப் பெண்ணைப் பற்றியது. அங்கே ஒரு சூப்பர்வைசர். அவனுக்கு இணங்கிப் போகிற பெண்களுக்குப் பாதையோரத்தில் வேலை. எதிர்த்துப் பேசுகிறவர்களுக்கு மேட்டுக்காடு... தனியாக, கூப்பிட்டால் யாருக்கும் குரல் கேட்காத இடத்தில். அப்படி அனுப்பப்பட்ட ஒருத்தி தன் கதையைத் தானே சொல்கிறாள். ஊர் இடுக்கியில் ஏலப்பாறைப் பக்கம். சர்ச்சுக்குக் கீழே, லயம் என்கிற தோட்டத்து வரிசை வீடுகளில் கடைசி வீடு. கணவர் இல்லை. ஒரே மகள், வெளியூரில் நர்சிங் படிக்கிறாள்.

விழாப் படத்தையும் சேர்த்துக் கட்டுரையை இதழில் மறுபடி போட்டார்கள். யாரோ அந்தப் பக்கத்தைப் போட்டோ எடுத்து வாட்ஸப்பில் போட, அது குரூப் குரூப்பாக மலையேறிவிட்டது. 

சர்ச்சுக்குக் கீழே, லயத்தின் கடைசி வீட்டில், கணவர் இல்லாமல், மகளை நர்சிங் படிக்க வைத்துக்கொண்டு நிஜமாகவே ஒருவர் இருந்தார். அவர்தான் இப்போது போனில்.

“சூப்பர்வைசர் ஏதாவது சொன்னாரா?” என்று கேட்டேன்.

“காலையில மஸ்டர்ல பேர் கூப்பிட்டு எல்லாருக்கும் வேலை பிரிச்சான். என் பேர் வந்ததும் நிமிந்து பாத்தான். ‘என்ன அக்கா, பேப்பர்ல எல்லாம் வாறீக’ன்னான். வேற ஒண்ணும் சொல்லலை சார். சிரிச்சான். அந்தச் சிரிப்புதான் சார் பயமா இருக்கு. வைதா திருப்பி வையலாம். சிரிச்சா என்ன செய்ய?”

“அன்னைக்கு எங்கே வேலை போட்டான்?”



“மேட்டுக்காடு.”

தோட்டத்தில் பேரை நீக்கிவிட்டால் லயத்து வீடும் போய்விடும். மகளின் படிப்பு நடுவில் நிற்கும். இதெல்லாம் அவர் சொல்லவில்லை. சொல்லத் தேவையில்லை. 

“அது நான் இல்லைன்னு உங்க பேப்பர்ல போடுங்க சார்.”

“கட்டாயம் போடலாம்மா.”

“ஆனா என் பேரைப் போட்டுறாதீங்க.”

பேரைப் போடாமல் ‘அவர் இல்லை’ என்று எப்படிப் போடுவது? யோசித்துப் பாருங்கள். அன்று முழுக்க அதையே யோசித்தேன். வழி தெரியவில்லை.

மறுநாள் கல்லூரிக்குப் போனேன். மாணவியை வராந்தாவில் வைத்துச் சந்தித்தேன். இடுக்கிப் பெண்தான், வண்டிப்பெரியாறு பக்கம், இங்கே ஹாஸ்டலில் இருக்கிறாள். என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. இன்னொரு விழாவுக்கு வந்திருக்கிறேன் என்று நினைத்திருப்பாள்.

“அந்தக் கட்டுரைக்கு யாரைம்மா பார்த்தே?”

“எந்த... எதுக்கு சார்?”

“யாரைப் பார்த்தே?”

துப்பட்டாவின் நுனியை விரலில் சுற்றினாள். பிறகு மெதுவாக, “யாரையும் பாக்கலை சார்.”

“அப்போ இது எங்கேருந்து வந்தது?”

இன்னொரு கல்லூரியின் மலையாள மாணவர் இதழிலிருந்து. ஓராண்டுக்கு முன் வந்தது. வேறு ஊர், வேறு தோட்டம், வேறு பெண். அதைத்தான் இவள் தமிழில் எழுதியிருக்கிறாள்.

“காப்பி அடிச்சிருக்கே.”

“இல்ல சார்!” உண்மையான கோபத்தோடு நிமிர்ந்தாள். “அது மலையாளம். நான் எழுதினது தமிழ். ஒவ்வொரு வரியும் நானா யோசிச்சு எழுதினது சார். மூணு தடவை திருத்தினேன்.”

பொய் சொல்கிற முகமில்லை அது. நம் பக்கத்துப் பிள்ளைகளை எனக்குத் தெரியும். பள்ளிக்கூடத்தில் ஒரு மொழியில் கேட்டு இன்னொரு மொழியில் எழுதியே வளர்ந்தவர்கள். மாற்றி எழுதுவதுதான் அவர்களுக்குப் படிப்பு. அது திருட்டு என்று யார் சொல்லிக் கொடுத்தோம்?

ஆனாலும் ஒரு கேள்வி பாக்கி இருந்தது.

“சரி. அப்புறம் ஏன் ஊரை மாத்தினே?”

கண்ணில் நீர் கட்டிக்கொண்டது.

“ஏலப்பாறை எதுக்கு?”

“பஸ்ல ஊருக்குப் போறப்ப பாத்திருக்கேன் சார். சர்ச் இருக்கும். கீழ லயம் இருக்கும். கடைசி வீட்டுல யாராச்சும் இருப்பாங்கன்னு...” நிறுத்திக்கொண்டாள். தான் சொன்னது தன் காதிலேயே விழுந்திருக்க வேண்டும்.

ஏலப்பாறையிலிருந்து வந்த போனைப் பற்றிச் சொன்னேன். கேட்கக் கேட்க அவள் தூணோடு சாய்ந்துகொண்டாள்.

என் மனதில் தீர்வு தயாராக இருந்தது. அடுத்த இதழில் ஒரு திருத்தம்... ‘இக்கட்டுரை இன்ன மலையாள இதழிலிருந்து எடுக்கப்பட்டது. இதில் வரும் பெண் ஏலப்பாறையைச் சேர்ந்தவர் அல்ல.’ நேர்மையாக, ஒழுங்காக, ஆதாரத்தோடு. எழுதியே கொண்டுபோயிருந்தேன். எடுத்துக் காட்டினேன்.

படித்துவிட்டு அவள் கேட்டாள்: “அப்போ அந்த மலையாளக் கட்டுரையில வர்ற அக்கா, சார்?”

“அவங்களுக்கென்ன?”

“இதைப் போட்டா அங்கே போய்த் தேடுவாங்களே...”

இத்தனை ஒழுங்காக யோசிக்கிற எனக்கு அது தோன்றவில்லை பாருங்கள்.

மூலக் கட்டுரையை எழுதிய மாணவரின் நம்பரைத் தேடிப் பிடித்தோம். மலையாளி இளைஞர், தமிழும் பேசுவார். விஷயத்தைச் சொன்னதும் முதலில் அவருக்குக் கோபம் வரும் என்று எதிர்பார்த்தேன். தன் உழைப்பைத் திருடிவிட்டாள் என்று கத்துவார்... பரிசைக் கேட்பார்...

“தமிழிலா? அய்யோ சாரே, தமிழிலா வந்தது?”

குரலில் கோபம் இல்லை, பயம்.

“அந்தச் சேச்சி பேசறதுக்கு முன்னாடி கேட்டது ஒண்ணே ஒண்ணு சாரே. ‘இது தமிழ்ல வராதுல்ல?’ வராதுன்னு நான் சத்தியம் பண்ணேன். அவங்க லயத்துல யாருக்கும் மலையாளம் வாசிக்கத் தெரியாது. சூப்பர்வைசருக்கும் தெரியாது. அந்த ஒரு தைரியத்துலதான் பேசினாங்க.”

போன் ஸ்பீக்கரில் இருந்தது. மாணவி கேட்டுக்கொண்டிருந்தாள்.

மாணவர்கள் காப்பி அடிப்பதை நாம் இதுவரை என்னவென்று நினைத்தோம்? மார்க் விவகாரம். மானப் பிரச்சினை. மிஞ்சினால் உழைத்தவனுக்குச் செய்த துரோகம். ஒருவர் வாயிலிருந்து ஒரு சொல் வெளியே வர, அதற்கு முன்னால் என்னென்ன வாக்குறுதி கொடுக்கப்பட்டிருக்கிறது என்பது காப்பி அடிக்கிறவருக்குத் தெரியாதே! கட்டுரை வந்துவிடும். வாக்குறுதி கூடவே வராது.

கல்லூரி ஆசிரியர் ஒருவர், “விடுங்க சார், மாணவர் இதழ்தானே, தானா மறந்துருவாங்க” என்றார். மேட்டுக்காட்டை நினைத்துக்கொண்டேன். மறக்கிற மாதிரி இல்லை.

திருத்தத்தை அந்தப் பெண்ணே எழுதினாள். என் காகிதத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டாள். அடுத்த இதழின் முதல் பக்கத்தில், தன் பெயர் போட்டு, இப்படி:

‘ஏலப்பாறையில் நான் யாரையும் சந்திக்கவில்லை. யாரும் என்னிடம் எதுவும் சொல்லவில்லை. கட்டுரையில் எழுதிய வீட்டுக்கு நான் போனதே இல்லை. பரிசைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.’

ஒரு சொல் பொய்யில்லை. காப்பி என்ற பேச்சும் இல்லை. படிக்கிறவர்கள் என்ன நினைப்பார்கள்? முழுக் கட்டுரையையும் இவளே கட்டிவிட்டாள் என்றுதானே? நிருபராக ஆசைப்படுகிறவளுக்கு அதைவிடக் கெட்ட பேர் கிடையாது. தெரிந்தேதான் எழுதினாள். எங்கிருந்தும் எடுக்காமல் அவள் எழுதிய நாலு வரி.

வகுப்பில் விடவில்லை. காலையில் உள்ளே நுழையும்போதே ஒருத்தன் கேட்பானாம்: “இன்னைக்கு எந்த ஊருக்குப் போகாம வந்தே?”

“நீ என்ன சொல்வே?” என்று கேட்டேன்.

“உங்க ஊருக்குத்தான்டான்னு சொல்லுவேன் சார்.” சிரிக்க முயன்றாள். வரவில்லை. 

அந்தப் பக்கமும் போட்டோவாகி மலையேறியது. ஏலப்பாறைக்காரரின் மகள் அதை லயத்துக் குரூப்பில் போட்டாள். அப்புறம் எனக்கு அங்கிருந்து போன் வரவில்லை. போன் வராவிட்டால் நிம்மதி என்றா நினைக்கிறீர்கள்? மழை பெய்யும்போதெல்லாம் போனை எடுத்துப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

இதையெல்லாம் இத்தனை வாரம் உங்களிடம் சொல்லாமல் இருந்ததற்குக் காரணம் உங்களுக்கே புரியும். இப்போது சொல்லக் காரணம், போன வாரம் வந்த இரண்டு போன்கள்.

முதல் போன் மலையாள இளைஞருடையது. அவர் கட்டுரையில் பேசிய பெண் வேலையை விட்டுவிட்டு, மலையிறங்கித் தமிழ்நாட்டில் இருக்கும் மகனிடம் போய்விட்டாராம். இனி எழுதலாம் என்றாராம். “அவங்களாப் போனாங்களா?” என்று கேட்டேன். “சேச்சி அது மட்டும் சொல்லலை சாரே.”

இரண்டாவது, ஏலப்பாறை.

“அவனை வேற எஸ்டேட்டுக்கு மாத்திட்டாக சார். எனக்கு இப்பப் பாதையோரம்தான். நீங்க எழுதணும்னா எழுதுங்க. பேர் வேண்டாம்.”

“எந்த எஸ்டேட்டுக்கு மாத்தினாங்க?”

“தெரியலை சார். அங்கயும் பொம்பளைங்க இருப்பாகல்லா.”

இத்தனை நாள் மனதில் இருந்ததைக் கேட்டுவிட்டேன். “ஏம்மா, அந்தக் கட்டுரை வேற யாரோட கதையோதான். ஆனா அது தன்னைப் பத்தினதுன்னு இவன் ஏன் நினைச்சான்?”

அன்று மழை இல்லை. குரல் தெளிவாகக் கேட்டது.

“நான் இல்லைன்னுதான சார் சொன்னேன்,” என்றார். “நடக்கலைன்னு சொன்னேனா?”

வழக்கமாக இந்த மாதிரி விஷயம் எழுதினால் அடியில் ‘பெயர்கள் மாற்றப்பட்டுள்ளன’ என்று ஒரு வரி போடுவேன். இந்த முறையும் ஏலப்பாறைக்காரருக்கு ஒரு பெயர் யோசித்தேன். நல்ல பெயர். அந்தப் பக்கத்துப் பெயர். என் மனைவியிடம் சத்தமாகச் சொல்லிப் பார்த்தேன்.

“ஏனுங்க,” என்றாள், “அந்தப் பேர்ல அங்க ஒருத்தி இருந்துட்டா என்னங்க பண்ணுவீங்க?”